கொலுப்படியும் வாயிற்படியும்

மகாளய அமாவாசை வந்ததும் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் கீழே இறங்குகின்றன. பழந்துணியிலும் பத்திரிகைக் காகிதத்திலும் ஒரு வருஷ காலம் சுருண்டு கிடந்த தசாவதாரமும், அஷ்டலக்ஷ்மியும், ராமர் பட்டாபிஷேகமும் கண் விழிக்கின்றன. 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகப் படிகள் கட்டி, வெள்ளை வேஷ்டி விரித்து, கலசம் வைத்து, பிரதமை தொடங்கி நவமி ஈறாக ஒன்பது இரவுகள் தேவியை வீட்டுக்குள் எழுந்தருளச் செய்கிறோம். பத்தாம் நாள் விஜயதசமி. இப்பண்டிகையின் மேன்மையை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் இதில் நாம் கவனியாமல் விட்டுவரும் ஒரு விஷயம் உண்டு. அதைப் பண்டிகைக் காலத்திலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

குடும்பத்தார் அனைவரும் கூடி உழைத்துக் கொண்டாடும் பண்டிகைகளில் நவராத்திரிக்குத் தனி இடம் உண்டு. தீபாவளியன்று கடையில் வாங்கிய துணியை உடுத்தி, கடையில் வாங்கிய பட்டாசைக் கொளுத்திவிட்டால் வேலை முடிந்தது. கொலு அப்படியன்று. படிக்குப் பலகை சேர்ப்பவர் தாத்தா. எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று தீர்ப்புச் சொல்பவள் பாட்டி. கீழே மணலைக் கொட்டி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்க வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கித் தோட்டம் அமைப்பவர்கள் சிறுவர்கள். தாய்வீட்டிலிருந்து கலியாணத்தின்போது வந்த மரப்பாச்சி ஜோடிக்குப் பட்டுத் துணி கட்டிவிடுபவள் மருமகள். கடலையோ பயறோ காராமணியோ, அன்றன்றைக்கு ஒரு சுண்டல். விளக்கேற்றியபின் ஒரு பாட்டு. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. அக்கதை வாய்மொழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. கொலு ஒரு பள்ளிக்கூடம் என்று சொன்னால் மிகையாகாது.

பள்ளிக்கூடம் என்றால் அங்கே என்ன பாடம் நடக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதற்பாடம் படிகளிலேயே இருக்கிறது. கீழ்ப்படிகளில் செடி கொடிகளும் பிராணிகளும், அவற்றுக்கு மேல் மனிதர்கள், அதற்கு மேல் மகான்கள், உச்சியில் தெய்வங்கள் என்று வைப்பது வழக்கம். உயிர் படிப்படியாக உயர்ந்து இறைவனை அடைகிறது என்று பெரியோர்கள் இதற்குப் பொருள் கூறுவார்கள். இதில் மனிதர்களுக்குரிய படியை நேயர்கள் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். கடை விரித்த செட்டியாரும் அவர் மனைவியும் அங்கே இருக்கிறார்கள். குறவனும் குறத்தியும் இருக்கிறார்கள். பாம்பாட்டி, குயவர், உழவர், கூடை சுமக்கும் பெண், போலீஸ்காரர், நாயனக்காரர், பல்லக்குத் தூக்குவோர் எல்லோரும் இருக்கிறார்கள். கொலு என்ற சொல்லுக்கு அரசன் சபையில் வீற்றிருத்தல் என்று பொருள். தேவியின் சபையில் அவளுடைய குடிகள் அத்தனை பேருக்கும் இடம் உண்டு என்பதே இக்காட்சியின் தாத்பரியம்.

மண்ணால் செய்த குறத்திக்கு நடுக்கூடத்தில் இடம் கொடுக்கிறோம். அவளுக்கு மாலையில் விளக்குக் காட்டுகிறோம். உயிருள்ள குறத்தி வாயிலில் வந்து நின்றால் அவளுக்கு எந்த இடம் கொடுக்கிறோம்? மண்ணைப் பிசைந்து அப்பொம்மைகளைச் செய்து கொடுக்கும் பண்ருட்டிக் கைவினைஞரையும், காஞ்சீபுரத்துக் கைவினைஞரையும், மதுரையை அடுத்த விளாச்சேரிக் கைவினைஞரையும் தம் வீட்டுக் கொலுவைப் பார்க்க அழைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பொம்மைக்கு உள்ள இடம் பொம்மையைச் செய்த கைக்கு இல்லையென்றால், கொலுப்படியில் நாம் காட்டும் சமரசம் வெறும் வேடிக்கையாகிவிடும்.

இரண்டாம் பாடம் அழைப்பு. அது படிப் பாடத்தைக் காட்டிலும் ஆழமாகப் பதியும் பாடம். பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தியின் கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்து, "எங்கள் வீட்டில் கொலு வைத்திருக்கிறோம், வந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அழைத்துவர அனுப்புவது நம் வழக்கம். குழந்தை புறப்படுமுன் தாய் அவளுக்கு ஒரு ஜாபிதா சொல்கிறாள். இந்த வீட்டுக்குப் போ. அதற்கடுத்த வீட்டைத் தாண்டிப் போ. கோடி வீட்டில் கூப்பிடு. அந்தத் தெருப்பக்கம் திரும்பாதே. ஏன் என்று குழந்தை கேட்பதில்லை. கேட்டால், "அவர்கள் நம்மவர்கள் அல்ல" என்று சுருக்கமாகப் பதில் வரும். யார் நம்மவர், யார் அல்லாதவர் என்ற தேசப்படம் அந்த ஒன்பது நாட்களில் அக்குழந்தையின் உள்ளத்தில் வரையப்படுகிறது. பிற்காலத்தில் அவள் எத்தனை கலாசாலைகளில் படித்தாலும், எத்தனை பட்டங்கள் பெற்றாலும் அந்தப் படத்தை அழிப்பது எளிதன்று.

நகரங்களில் நிலைமை மாறிவிட்டதென்று சொல்வார்கள். ஓரளவு மாறியிருப்பது உண்மையே. அடுக்குமாடிக் குடியிருப்புக்களில் சிமிழுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது. பல ஜாதியாரும் பல மதத்தாரும் ஒருவர் வீட்டுக் கொலுவை ஒருவர் பார்க்கிறார்கள். இது மகிழத்தக்க மாறுதல். ஆயினும் கொலு வைக்குமுன் அந்தக் கூடத்தைப் பெருக்கி மெழுகிய வேலைக்காரப் பெண்மணிக்கு அழைப்பு உண்டா? குடியிருப்பின் குப்பையை அள்ளிச் செல்பவருடைய குடும்பத்துக்கு உண்டா? மிஞ்சிய சுண்டலைப் பொட்டலமாகக் கட்டிச் சமையலறை வாயிலில் நின்றபடியே கொடுத்தனுப்புவது அழைப்பு ஆகாது. வெற்றிலை பாக்கும் மஞ்சளும் குங்குமமும் தட்டில் வைத்து, பாயில் உட்காரவைத்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பதற்கே அழைப்பு என்று பெயர்.

இந்நாட்டில் ஒரு காலத்தில் கோயிற் கதவே பெரும் போராட்டத்துக்கு உரியதாக இருந்தது. 1936-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி திருவாங்கூர் மகாராஜா ஒரு பிரகடனத்தின் மூலம் தமது சமஸ்தானத்து ஆலயங்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்டார். 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி மதுரையில் அ. வைத்தியநாதய்யர், தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்டிருந்த கக்கன் முதலிய சகோதரர்களுடன் மீனாக்ஷி அம்மன் ஆலயத்தினுள் பிரவேசித்தார். வைதிகர்கள் கொதித்தெழுந்தார்கள். ராஜாஜியின் மந்திரிசபை ஆலயப் பிரவேசத்துக்குத் துணை நின்றவர்களை வழக்கு வியாஜ்யங்களிலிருந்து காக்க அவ்வருஷமே சட்டம் இயற்றியது. 1947-ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நமது அரசியலமைப்பின் 17-வது ஷரத்து தீண்டாமை ஒழிக்கப்பட்டதென்று பிரகடனம் செய்தது. 1955-ம் வருஷத்துச் சட்டம் அதை அனுஷ்டிப்போருக்குத் தண்டனை விதித்தது. 1976-ல் அச்சட்டம் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமென்று பெயர் மாறியது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

இத்தனை சட்டங்களுக்குப் பின்னரும் 2023-ம் வருஷத்தில் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி கிராமத்தில், ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடுவதா கூடாதா என்ற தகராற்றினால் திரௌபதி அம்மன் ஆலயத்தையே அதிகாரிகள் பூட்டி முத்திரையிட நேர்ந்தது. தெய்வத்தைப் பூட்டி வைத்தாலும் வைப்போம், அயலானோடு சேர்ந்து கும்பிட மாட்டோம் என்ற பிடிவாதம் எங்கிருந்து பிறக்கிறது? அது கோயிலில் பிறப்பதில்லை. வீட்டில், அடுக்களையில், குழந்தைக்குச் சொல்லப்படும் ஜாபிதாவில் பிறக்கிறது.

சட்டத் தொழிலில் பழகியவன் என்ற முறையில் நாம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேற்கூறிய சட்டங்கள் கோயிலையும், கிணற்றையும், கடையையும், பள்ளிக்கூடத்தையும், ஆஸ்பத்திரியையும் திறந்தன. ஒருவருடைய வீட்டு விருந்துக்கு இன்னாரை அழைத்தே தீரவேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வாயிற்படி வந்ததும் போலீஸ்காரர் நின்றுவிடுகிறார். நியாயாதிபதியின் கையும் அதற்கப்பால் நீளுவதில்லை. குடும்பத்தின் சுதந்திரம் அது. ஆனால் சட்டம் நிற்குமிடத்தில் தர்மம் தொடங்க வேண்டாமா? யாரும் கட்டாயப்படுத்தாதபோது நாம் என்ன செய்கிறோம் என்பதே நமது தர்மத்தின் அளவுகோல். சர்க்கார் செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. மிச்சத்தைச் செய்ய வேண்டியவர்கள் கொலு வைக்கும் குடும்பத்தார்.

வீட்டுப் படி கோயிற்படியைக் காட்டிலும் உயரமானது என்பதை மகாத்மா காந்தி அனுபவத்தில் கண்டார். 1915-ல் ஆமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் அவர் ஆசிரமம் தொடங்கிய சில மாதங்களுக்குள் தூதாபாய் என்ற ஆசிரியர், மனைவி தானிபென்னுடனும் கைக்குழந்தை லக்ஷ்மியுடனும் அங்கே வந்து சேர்ந்தார். அவர்கள் ஒதுக்கப்பட்ட வகுப்பினர். கிணற்றில் தண்ணீர் எடுப்பதில் தொல்லை உண்டாயிற்று. நன்கொடைகள் நின்றன. பிறகு செல்வர் ஒருவர் 13,000 ரூபாய் கொடுத்ததால் ஆசிரமம் பிழைத்தது. இவையெல்லாம் வெளித் தொல்லைகள். ஆசிரமத்துக்குள் கஸ்தூரிபாய் உள்ளிட்ட பெண்களுக்கே தானிபென் வந்தது பிடிக்கவில்லை என்பதைக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பணமில்லாக் குறையைப் பொறுத்துக்கொண்ட அவருக்கு, அடுக்களையில் நிலவிய இந்த அலட்சியமே தாங்க முடியாததாக இருந்தது. அவர் அக்குடும்பத்தை வெளியே அனுப்பவில்லை, மனைவியையும் வெறுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வாழ்ந்து உள்ளங்கள் மாறின. புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் பாரதியார் கனகலிங்கம் என்ற ஒதுக்கப்பட்ட வகுப்பு இளைஞருக்குப் பூணூல் அணிவித்ததும் இத்தகைய செயலே. மேடையில் பேசியதை வீட்டுக்குள் செய்து காட்டியதனால்தான் இவ்விருவருடைய சொல்லுக்கும் வலிமை உண்டாயிற்று.

நவராத்திரியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. நவமியன்று ஆயுத பூஜை. தொழிற்சாலைகளிலும், பட்டறைகளிலும், ஆட்டோ நிலையங்களிலும், அச்சுக்கூடங்களிலும் யந்திரங்களைத் துடைத்துச் சந்தனமிட்டு மாலை சூட்டுகிறார்கள். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஒரே தாம்பாளத்திலிருந்து பொரியும் கடலையும் எடுத்து எல்லோரும் தின்கிறார்கள். அங்கே யாரும் யாருடைய ஜாதியையும் விசாரிப்பதில்லை. ஹிந்து அல்லாத தொழிலாளரும் மகிழ்ச்சியோடு கலந்துகொள்வதைப் பல இடங்களில் காணலாம். அதே மனிதர்கள் மாலையில் தத்தம் வீடு திரும்பியதும் காலையில் கலந்தவை மறுபடியும் பிரிந்துவிடுகின்றன. பட்டறையில் முடிந்த காரியம் கூடத்தில் ஏன் முடியவில்லை? தொழிலில் ஒருவர் கை ஒருவருக்கு வேண்டியிருக்கிறது. வீட்டில் வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறோம். அந்த நினைப்பே பிழை.

வாயிற்படிக்கு வெளியே நிற்பவரைப் பற்றி இதுவரை சொன்னோம். வாயிற்படிக்கு உள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் நாம் பாதி நியாயமே பேசியவராவோம். கணவனை இழந்த தாயோ, அத்தையோ, மூத்த சகோதரியோ இல்லாத குடும்பங்கள் சிலவே. சுண்டலுக்குக் கடலை ஊறவைப்பது அவர். கோலத்துக்கு மாவு அரைப்பது அவர். எந்த நாளில் எந்தப் பாட்டு என்று சொல்லிக் கொடுப்பதும் அவரே. மாலையில் வெற்றிலை பாக்குக் கொடுக்கும் வேளையில் அவர் உள்ளறைக்குச் சென்றுவிடுகிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, இருக்கும்படியும் சொல்லவில்லை. தேவியைத் தாயென்று பாடிக்கொண்டே, பெற்ற தாயை விளக்கு வெளிச்சத்திலிருந்து விலக்கி வைப்பது என்ன பக்தியோ நமக்கு விளங்கவில்லை.

1856-ம் வருஷத்துச் சட்டம் விதவைக்கு மறுமண உரிமை கொடுத்தது. 1937-ம் வருஷத்துச் சட்டம் கணவன் சொத்தில் அவளுக்கு ஆயுட்காலப் பங்கு கொடுத்தது. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டம் அப்பங்கைப் பூரண உரிமையாக்கியது. வீட்டையே அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்க இப்போது சட்டம் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு குங்குமச் சிமிழை அவளிடம் நீட்ட நமக்கு மனம் இல்லை. பாலிய விதவையான சகோதரி சுப்புலக்ஷ்மி 1911-ல் பட்டம் பெற்று, 1912-ல் சென்னையில் இளம் விதவைகளுக்காக இல்லம் தொடங்கி, அவர்களில் பலரை ஆசிரியைகளாக்கினார். நூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு பெண்மணி வைதிக உலகத்தின் நடுவில் நின்று அவ்வளவு செய்தாரென்றால், நம் வீட்டுக் கொலுவின் முன் நம் தாயை நாற்காலியில் அமர்த்தி முதல் தாம்பூலத்தை அவருக்கே கொடுக்க நமக்கு என்ன தடை?

சம்பிரதாயம் தடுக்கிறது என்பார் உளர். சம்பிரதாயத்தை மதிப்பவர்களில் நாமும் ஒருவரே. ஆனால் கொலுவின் சம்பிரதாயம் ஒருநாளும் நின்ற இடத்திலேயே நின்றதில்லை. அகல்விளக்கு எரிந்த இடத்தில் மின்சாரச் சரவிளக்கு எரிகிறது. மண் பொம்மையோடு காகிதக் கூழும் பிளாஸ்டிக்கும் வந்து அமர்ந்திருக்கின்றன. தசாவதாரத்தின் அடுத்த படியில் கிரிக்கெட் கோஷ்டி இருக்கிறது; ராக்கெட்டும் ஏறியிருக்கிறது. மைசூர்ப் பகுதியில் ஒரு விதமாகவும், ஆந்திர தேசத்தில் ஒரு விதமாகவும், நம் நாட்டில் ஒரு விதமாகவும் பொம்மை வைக்கிறார்கள். சம்பிரதாயம் இவ்வளவுக்கும் இடம் கொடுத்தது. மனிதருக்கு இடம் கொடுக்கும்போது மட்டும் அது உடைந்துபோகும் என்று சொன்னால், உடைவது சம்பிரதாயமன்று, நம்முடைய கர்வமே என்பது வெளிப்படை.

"அழைத்தாலும் அவர்கள் வரமாட்டார்கள்" என்பது மற்றோர் ஆக்ஷேபம். தலைமுறை தலைமுறையாக அழைக்கப்படாதவர்கள் முதல் அழைப்பிலேயே ஓடி வரவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமா? அவர்கள் தயங்கினால் அத்தயக்கத்துக்குப் பொறுப்பாளி யார்? மேலும், அழைப்பு என்பது தானமன்று. உயர்ந்தவர் தாழ்ந்தவருக்குக் காட்டும் தயை என்று எண்ணி அழைத்தால், அழைக்காமலிருப்பதே மேல். ஒருவரை நம் வீட்டுக்கு அழைத்தால் அவர் வீட்டுக்கு நாமும் போகக் கடமைப்பட்டவர்கள். அவர் வீட்டில் கொலு இராமலிருக்கலாம். கொலு வைக்கும் வழக்கம் எல்லாச் சமூகத்தாரிடமும் இல்லை. அம்மனுக்குக் கூழ் வார்ப்பதோ பொங்கலோ, அவர் வீட்டு விசேஷம் எதுவாயினும் நம் குழந்தைகளுடன் சென்று, அங்கே கொடுத்ததை அங்கேயே உட்கார்ந்து உண்டு வரவேண்டும். முகம்மதிய அண்டை வீட்டாருக்கும் கிறிஸ்துவ அண்டை வீட்டாருக்கும் இதே நியாயந்தான். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு, கதவாகாது.

கடைசியாக ஆடவர்களுக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் பெண்கள் விஷயம்; வீட்டில் கேட்க வேண்டும்" என்று நம்மில் பலர் நழுவிவிடுகிறோம். சபையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மனைவியின் மேலும் தாயின் மேலும் பழியைப் போடுவது வீரமன்று. யாரை அழைக்கலாமென்று ஸ்திரீகள் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆடவரின் பந்துக்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தினாலேயே. "யார் என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்று குடும்பத் தலைவர் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். வீட்டுப் பெண்கள் அவரைக் காட்டிலும் நாலடி முன்னே நடப்பதை அவர் காண்பார். அழைத்ததோடு நில்லாமல், வருபவர்களுக்குப் பாய் விரிப்பதும், சுண்டல் கிண்ணம் கழுவுவதும் தம் வேலையென்று அவர் எடுத்துக்கொண்டால் பண்டிகை குடும்பம் முழுவதற்கும் உரியதாகும்.

ஒன்பது இரவுகள் இருக்கின்றன. ஊரையே ஒரே நாளில் திருத்திவிட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஓர் இரவு போதும். இதுவரை அழைக்காத ஒரு வீட்டை இந்த வருஷம் அழையுங்கள். சிமிழை ஏந்திச் செல்லும் குழந்தையை, இதுவரை தாண்டிச் சென்ற வாயிலில் நிற்கச் சொல்லுங்கள். உள்ளறையில் இருக்கும் தாயைக் கைபிடித்து விளக்கின் முன் அழைத்து வந்து உட்கார்த்துங்கள். விஜயதசமியன்று இரவு பொம்மையைப் படுக்க வைக்கும்போது, தேவியின் சபையில் இவ்வருஷம் எத்தனை பேர் புதிதாக வந்தார்கள் என்று குழந்தைகளைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை படி கட்டினோம், எத்தனை பொம்மை வைத்தோம் என்ற கணக்கைக் காட்டிலும் தேவிக்கு உகந்த கணக்கு அதுவே என்பது நமது துணிபு.